உடையாத சட்டியில் உடைந்த தயிர்: தலையில் அடிபட்ட பின் மூளைக்குள் நடப்பது

என் அண்ணன் திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்துபவர். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் சிறிய எஞ்சின்கள்தான் அவருடைய உலகம். இருபது வருடமாக அதே வேலை. கண்ணை மூடிக்கொண்டே காபரேற்றரைக் கழற்றிப் பூட்டுவார் என்று கரையில் உள்ளவர்கள் சொல்வார்கள். விபத்து நடந்து மூன்று மாதம் கழித்து ஒரு காலை, அவர் ஒரு எஞ்சினைக் கழற்றி, ஆணிகளைச் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார். அந்த நேரம் தொலைபேசி அடித்தது. இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தவர், அந்த ஆணிகளை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எதை எங்கே பூட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எதுவரை செய்து முடித்தோம், அடுத்து என்ன என்பதுதான் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து அண்ணி தேநீர் கொண்டுபோனபோதும் அதே இடத்தில்தான் இருந்தார்.

வெளியில் எல்லாம் ஆறிவிட்டிருந்தது. நிலாவெளி வீதியில், இரவில், நடுவீதியில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதித் தூக்கி எறியப்பட்டவர். தலைக்கவசம் போட்டிருந்தார், ஆனால் நாடாவைப் பூட்டவில்லை. அது முதலிலேயே கழன்று போய்விட்டது. தலையில் ஏழு தையல், ஒன்பது நாள் வார்டில். சி.ரி. ஸ்கானில் முன்பக்கத்தில் சிறிய கன்றல் ஒன்று, சத்திரசிகிச்சை வேண்டியதில்லை என்றார்கள். கோணேசர் கோவிலில் நேர்த்தியை நிறைவேற்றிவிட்டு, தப்பியது பெரிய காரியம் என்று எல்லோரும் மூச்சுவிட்டோம். அதன் பிறகுதான் வீட்டில் சண்டை தொடங்கியது. சோம்பேறியாகிவிட்டார் என்றார்கள், முன்கோபக்காரராகிவிட்டார் என்றார்கள், நாவூறு என்றும் செய்வினை என்றும் சொன்னார்கள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கே அவருக்கு என்ன நடந்திருக்கிறது என்று விளங்கப் பல வாரம் எடுத்தது. அந்த வாரங்களில் அவரிடம் நான் சொன்ன சில வார்த்தைகளை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தம்பலகாமம் பக்கத்திலிருந்து மண்சட்டியில் வரும் எருமைத் தயிரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வரும்போது வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து குலுங்குகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. மேலே கட்டிய ஓலையைக் கழற்றினால், உள்ளே தயிர் வெடித்து, இடுக்குகளில் தண்ணீர் விட்டிருக்கும். தலையில் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். மண்டையோடு கடினமானது. அதற்குள் இருக்கும் சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளை, உயிரோடு இருக்கும்போது, தயிரைப் போலவே மென்மையானது. அதைச் சுற்றி மூன்று சவ்வுகளும் ஒரு தேநீர்க் கோப்பையளவு திரவமும் இருக்கின்றன. நடப்பதற்கும் ஓடுவதற்கும் அந்தப் பாதுகாப்பு போதும். வேகமாக வந்து சட்டென்று நிற்பதற்குப் போதாது. தலை நின்றுவிடுகிறது, உள்ளே மூளை நிற்பதில்லை. முன்னே போய் எலும்பில் இடித்து, பின்னே வந்து மறுபக்கத்திலும் இடிக்கிறது. பிடரியில் அடிபட்டவருக்கு நெற்றிப் பக்க மூளை கன்றிப்போவது இதனால்தான்.

மண்டையோட்டின் உட்புறம் எல்லா இடத்திலும் வழுவழுப்பாக இல்லை. கண்களுக்கு மேலேயும் காதுப்பொட்டுக்கு உள்ளேயும் அடித்தளத்தில் எலும்பு கரடுமுரடாக, மேடும் விளிம்புமாக இருக்கிறது. மூளை வழுக்கிப் போகும்போது அந்த விளிம்புகளில் தேய்கிறது. ஆகவே அடி எந்தப் பக்கம் பட்டாலும், அதிகமாகக் காயப்படுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையும் பொட்டுக்கு உள்ளே உள்ள பக்கமூளையும்தான். திட்டமிடுவது, பொறுமை காப்பது, தன்னைத்தானே கட்டுப்படுத்துவது ஆகியவற்றுக்கு முன்மூளை வேண்டும். புதிய விடயங்களை நினைவில் பதிப்பதற்குப் பக்கமூளையின் உட்புறம் வேண்டும். தலையில் அடிபட்ட இத்தனை பேரிடம் ஒரே மாதிரியான மாற்றங்களைக் காண்பதற்கு இந்த எலும்பு விளிம்புகள் ஒரு முக்கிய காரணம்.

கன்றலைவிட மோசமானது இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் நீளும் மெல்லிய இழைக்கு அக்சன் என்று பெயர். ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுவது இந்த இழைகள் வழியாகத்தான். இடது பாதியையும் வலது பாதியையும் இணைக்கும் நார்க்கட்டில் மட்டும் ஏறக்குறைய 20 கோடி இழைகள் உண்டு. தலை நேராக மோதுவதைவிட, சுழன்று திரும்பும்போதுதான் இவற்றுக்கு ஆபத்து அதிகம். தயிர்ச் சட்டியைச் சட்டென்று திருகிப் பாருங்கள். வெளிவிளிம்பு ஒரு வேகத்தில் திரும்பும், நடுப்பகுதி இன்னொரு வேகத்தில் திரும்பும், இரண்டுக்கும் இடையில் வெடிப்பு விழும். மூளையிலும் அடர்த்தி வேறுபடும் அடுக்குகள் சந்திக்கும் இடங்களில் இழைகள் இழுபடுகின்றன. மெதுவாக இழுத்தால் நீண்டு கொடுக்கும் இழை, நொடியின் சிறு பங்கில் இழுத்தால் நொறுங்கிப்போகிறது.

எல்லா இழைகளும் அந்தக் கணத்திலேயே அறுவதில்லை. பலவற்றின் உள்ளே இருக்கும் நுண்ணிய தண்டவாளங்கள்தான் முதலில் உடைகின்றன. கலத்திலிருந்து இழையின் நுனிவரை புரதங்களையும் சக்தியையும் கொண்டுபோகும் பாதை அது. பாதை அடைபட, சரக்கு ஓரிடத்தில் தேங்கி, இழை வீங்கி, மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் கழித்து அறுந்துபோகிறது. விபத்து முடிந்து ஆள் கட்டிலில் படுத்திருக்கும்போதும் உள்ளே அறுபடுதல் தொடர்ந்துகொண்டிருக்கிறது.

“ஸ்கானில் பெரிதாக ஒன்றும் இல்லை” என்ற சொல் எங்கள் வீட்டை ஏமாற்றியது இங்கேதான். சொன்ன வைத்தியர் பொய் சொல்லவில்லை. சி.ரி. ஸ்கான் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் சில நிமிடத்தில் காட்டி உயிரைக் காப்பாற்றுகிறது. அதன் வேலை அது. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய அக்சன் அறுந்திருப்பதை அதனால் காட்ட முடியாது. கரையில் காயப்போட்ட வலையைத் தூரத்தில் நின்று பார்த்தால் முழுதாகத்தான் தெரியும். கடலில் வீசினால்தான் எத்தனை கண் அறுந்திருக்கிறது என்று தெரியும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கும், அதற்கும் எல்லை உண்டு.

முதல் அடிக்குப் பின்னால் வரும் இரண்டாவது கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் வைத்தியத்தால் அதிகம் தடுக்க முடியும். காயப்பட்ட கலங்கள் குளூட்டமேற் என்ற இரசாயனத்தை அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன. அது பக்கத்துக் கலங்களைத் தூண்ட, கல்சியம் உள்ளே பாய்ந்து, சக்தியைத் தயாரிக்கும் இழைமணிகள் கெடுகின்றன. மூளை வீங்குகிறது. கால் வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, மேலே வரவேண்டிய இரத்தம் வரமுடியாமல் போகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒட்சிசன், இரத்த அழுத்தம் என்று தாதியர்கள் ஒவ்வொரு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது கேட்டைத் தடுப்பதற்குத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காதுக்கு முன்னால் பொட்டுப் பகுதியில் எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு நாடி ஓடுகிறது. அங்கே அடிபட்டு நாடி கிழிந்தால், ஆள் சிறிது நேரம் மயங்கி, பிறகு எழும்பி, நன்றாகப் பேசி, வீட்டுக்கும் வந்துவிடலாம். உள்ளே இரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் மீண்டும் விழுந்தால் நிலைமை கைமீறிவிடும். ஆகவே தலையில் அடிபட்டவருக்குத் தலைவலி கூடிக்கொண்டு போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாதபடி தூங்கினால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், ஒரு பக்கக் கையோ காலோ சோர்ந்தால், வலிப்பு வந்தால், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வயதானவர்களுக்கு இது வேறு வேகத்தில் நடக்கும். வயதோடு மூளை கொஞ்சம் சுருங்குவதால், மூளைக்கும் சவ்வுக்கும் இடையே உள்ள நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறையில் வழுக்கி இலேசாக இடித்த அம்மம்மா, மூன்று நான்கு வாரம் கழித்துப் பேச்சுக் குழறி, நடை தடுமாறி, பெயர்களை மறக்கத் தொடங்கலாம். வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் ஸ்கான் எடுத்துப் பார்த்தால், தேங்கிய இரத்தத்தை மண்டையோட்டில் சிறு துளையிட்டு வெளியேற்றி அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல வேளைகளில் முடியும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

காயத்தின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோலை 1974-இல் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரயன் ஜெனற் என்ற இரு வைத்தியர்கள் உருவாக்கினார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 13 முதல் 15 வரை இலேசானது. அண்ணனுக்கு 12. இலேசான காயக்காரர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களில் நன்றாகிவிடுகிறார்கள் என்பது உண்மை, சிலருக்கு மாதக்கணக்கில் இழுபடுகிறது என்பதும் உண்மை. அந்த எண் முதல் மணி நேரத்தில் விழிப்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறது, அடுத்த வருடத்தில் யோசனை எப்படி இருக்கும் என்பதை முழுதாகச் சொல்வதில்லை. அதற்கு இன்னொரு கேள்வி உதவும்: விபத்துக்குப் பின் நினைவு எப்போது ஒழுங்காகத் தொடங்கியது? அண்ணன் இரண்டாம் நாளே எங்களோடு பேசினார், பெயர் சொன்னார், சாப்பிட்டார். ஆனால் அவருக்கு நினைவிருக்கும் முதல் காட்சி ஆறாம் நாள் குடித்த கஞ்சிதான். இடையில் பேசியது எதுவும் பதியவில்லை. அந்த இடைவெளி நீளும் அளவுக்குத் தேறுவதற்கும் காலம் எடுக்கும்.

இனி யோசனைக்கு வருவோம். முதலில் குறைவது வேகம். கிண்ணியாப் பாலம் 2009-இல் திறக்கப்படும் முன் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. அன்றைக்கும் கிண்ணியாவுக்குப் போகலாம். ஆனால் துறையடியில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும், ஏறியவர்கள் இறங்க வேண்டும், பிறகுதான் நம் முறை. அக்சன்கள் அறுந்த மூளையும் அப்படித்தான் இருக்கிறது. செய்தி போய்ச் சேருகிறது, சுற்றிப்போய்ச் சேருகிறது. கேள்வி கேட்டால் பதில் வரும், நாம் பொறுமையிழந்து அடுத்த கேள்வியைக் கேட்ட பிறகு வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், பஸ் நிலையம் போல இரைச்சல் இருந்தால், எதுவும் ஏறாது. அண்ணன் சந்தைக்குப் போவதை நிறுத்தியதற்கு நாங்கள் வைத்த பெயர் கர்வம்.

நினைவைப் பற்றி எங்களைக் குழப்பியது ஒன்று உண்டு. பதினைந்து வருடத்துக்கு முன் திருத்திய எஞ்சினின் பழுது அவருக்கு நினைவிருந்தது. காலையில் யார் பணம் கொடுத்தார்கள் என்பது நினைவில்லை. வேண்டுமென்றே நடிக்கிறார் என்று ஒருவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். பக்கமூளையின் உட்புறத்தில் கடற்குதிரை போல வளைந்த ஒரு பகுதி இருக்கிறது, ஹிப்போகாம்பஸ் என்ற பெயரே அந்த உருவத்தால் வந்தது. புதிதாக நடப்பதைப் பதிந்து வைப்பது அதன் வேலை. ஒட்சிசன் குறைந்தால் முதலில் வாடும் பகுதிகளில் அதுவும் ஒன்று. பழைய நினைவுகள் மூளையின் வேறு இடங்களில் பரவி வேரூன்றிவிட்டவை. கை பழகிய தொழிலோ இன்னும் ஆழத்தில் வேறொரு வழியில் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கை எஞ்சினை மறக்கவில்லை. முன்மூளைதான் வேலையின் வரிசையைப் பிடித்துவைக்க முடியாமல் தவித்தது. தொலைபேசி அடித்ததும் வரிசை அறுந்துபோனது.

கோபமும் அங்கிருந்துதான். மகன் கைதவறிச் சாவியைக் கீழே போட்டதற்கு அண்ணன் ஒரு நாள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பத்து நிமிடம் கழித்து அவன் தலையைத் தடவிக்கொண்டு அழுதார். எரிச்சல் எல்லோருக்கும் எழும். அது வாய்வரை வருவதற்குள் முன்மூளையின் அடிப்பகுதி அதைத் தடுத்து நிறுத்திவிடும். அந்தத் தடுப்புத்தான் காயப்பட்டிருந்தது. உனக்கு என்ன நடந்தது என்று கேட்டால் “எனக்கு ஒன்றும் இல்லை” என்பார். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டோம். தன் குறையைத் தானே அறியும் ஆற்றலும் அந்த முன்மூளையிலேயே தங்கியிருக்கிறது, அது காயப்பட்டால் காயமே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இதற்கு மருத்துவ வரலாற்றில் பழைய சாட்சி ஒருவர் உண்டு. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில், ரயில் பாதை போடும் குழுவின் தலைவர் பினியாஸ் கேஜ் பாறையை வெடிவைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மீற்றருக்கு மேல் நீளமும் சுமார் 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவருடைய இடக் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியே பறந்தது. அவர் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆனால் பொறுப்பானவர் என்று பெயரெடுத்திருந்த மனிதர், நிலையில்லாதவராக, வாய் துடுக்கானவராக மாறிவிட்டார் என்று நண்பர்கள் சொன்னதை அவருடைய வைத்தியர் ஜோன் ஹார்லோ பதிவுசெய்தார். பலர் கதையை அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதன் பின்பாதிதான் முக்கியம். கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ச் சில வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். அதே பாதை, அதே வேலை, குறித்த நேரம். ஒழுங்கான நாள் ஒன்று கிடைத்தபோது அந்த மூளையால் வேலை செய்ய முடிந்திருக்கிறது.

மாதங்கள் போகப் போக மூளையின் உருவமும் மாறுகிறது. அறுந்த இழைகளின் மிச்சத்தைத் துப்புரவாக்கும் கலங்கள் அகற்றிவிடுகின்றன. அதனால் இணைப்பு நார்க்கட்டுகள் மெலிகின்றன, நடுவில் உள்ள திரவ அறைகள் பெரிதாகின்றன. கடுமையான காயத்தில் இந்தச் சுருக்கம் வருடக்கணக்கில்கூடத் தொடரலாம். அதே காலத்தில் எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. தப்பிய இழைகள் புதிய கிளை விடுகின்றன, திரும்பத் திரும்பப் பயன்படும் வழிகள் பலப்படுகின்றன. முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாக, சில வருடம்வரை தொடரும். ஆறு மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

களைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் எடையில் 2 சதவீதம் மட்டுமே உள்ள மூளை, ஓய்வில்கூட உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சுற்றுவழியில் யோசிக்கும் மூளைக்கு அதே வேலை கூடுதல் பாரம். அண்ணன் காலை பதினொரு மணிக்கே படுத்துவிடுவதை நாங்கள் சோம்பல் என்றோம். இப்போது அந்தத் தூக்கத்தை யாரும் கலைப்பதில்லை.

அண்ணிதான் வீட்டில் ஒவ்வொன்றாக மாற்றினார், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் காட்டிய வழியில். வேலை நேரத்தில் தொலைபேசி அண்ணியிடம் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு எஞ்சின், ஒரு வாய்ப்பேச்சு. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது கொப்பியில் அந்த நிமிடமே ஏறும். கழற்றும் ஆணிகள் சாக்கில் பரப்பப்படுவதில்லை. முட்டை வரும் மட்டையின் குழிகளில் இலக்கம் எழுதி, கழற்றிய வரிசையில் போடுகிறார். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால் போதும். அவருடைய முன்மூளை பிடித்துவைக்க முடியாத வரிசையை அந்த மட்டை பிடித்துவைக்கிறது. மது கூடாது, இன்னொரு முறை தலையில் அடிபடக் கூடாது என்று வைத்தியர் சொன்னதை அவர் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார். ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி முதலாவதைவிடக் கொடியது. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போவதானாலும் தலைக்கவச நாடாவைப் பூட்டிவிட்டு, விரலை நுழைத்து இழுத்துப் பார்க்கிறார். பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தலைக்கவசம் தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 69 சதவீதமும், இறக்கும் அபாயத்தை 42 சதவீதமும் குறைக்கிறது.

ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. மூக்கின் கூரையில் அரிதட்டுப் போலத் துளைகள் உள்ள மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. மணத்தை உணரும் நரம்பிழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூளைக்கு ஏறுகின்றன. மூளை வழுக்கும்போது அவை அறுந்துவிடலாம். வார்டில் கஞ்சி ருசிக்கவில்லை என்று அவர் சொன்னது அதனால்தான் என்று பிறகு தெரிந்தது. எண்ணெய்த் தாங்கியைத் திறந்ததும் மணத்தைக் கொண்டே பழுதைச் சொல்லிவிடும் மனிதர் அவர்.

போன சனிக்கிழமை நான் போனபோது எஞ்சின் திறந்து கிடந்தது. முட்டை மட்டையில் பதினேழு குழிகள் நிரம்பியிருந்தன. அண்ணன் ஒரு துணியை எண்ணெயில் தொட்டு எடுத்து மகனை அழைத்தார்.

“தம்பி, இதை மணந்து பார். பெற்றோலா, மண்ணெண்ணெயா?”

பையன் குனிந்து மணந்தான். “இரண்டும் கலந்திருக்கிறது அப்பா” என்றான். அண்ணன் தலையாட்டிவிட்டுக் கொப்பியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பதினெட்டாவது ஆணியைக் கழற்றத் தொடங்கினார்.